உயரம் தெரியாமல் காலை விடாதே

விடியற்காலை ஐந்து மணிக்கு ஏரியூரிலிருந்து நாகமரை போகும் ரோட்டில் பையன்கள் ஓடுவார்கள். ராணுவ ஆள்சேர்ப்புக்குத் தயாராகிறவர்கள். ஓடி முடித்து என் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது ஒருவனாவது கேட்பான்: "தாத்தா, பாரா ரெஜிமென்ட்ல சேர்ந்தா எத்தனை அடியில இருந்து குதிக்கச் சொல்வாங்க?" போன மாதம் எங்கள் பங்காளி வீட்டுப் பெண் வந்தாள். பேத்தி முறை, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. ஸ்கைடைவிங் கற்றுக்கொள்ளப் போகிறாளாம், அவள் அம்மாவிடம் நான்தான் சொல்ல வேண்டுமாம்.

நான் விமானப்படையில் இருந்தவன். ஆக்ராவிலுள்ள பாராட்ரூப்பர்ஸ் டிரெய்னிங் ஸ்கூலில் கற்று, பிறகு அங்கேயே குதிக்கக் கற்றுக்கொடுக்கும் உஸ்தாத் ஆனேன். முதல் குதிப்பு 1986இல், ஏஎன்-32 விமானத்திலிருந்து. கடைசிக் குதிப்பு 2007இல். நடுவில் ஆயிரத்துக்கும் மேல். திண்ணையில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே வரிசையாக எழுதி வைக்கிறேன்.

1. எதைக் கேட்கிறாய் என்று முதலில் தெளிவு பண்ணிக்கொள். பாராசூட் என்றால் எல்லாம் ஒன்றில்லை. ராணுவத்தில் முதலில் கற்பது ஸ்டேடிக் லைன். விமானத்துக்குள் ஓடும் கம்பியில் உன் பட்டையை மாட்டிவிட்டு வெளியே போகிறாய், பட்டை இழுத்துப் பாராசூட்டைத் திறக்கிறது. சுமார் 1,250 அடியிலிருந்து குதிப்போம். அடிப்படைப் பயிற்சியில் ஐந்து குதிப்பு, அதில் ஒன்று இரவில். பாரா ரெஜிமென்ட் முழுக்கத் தானாக முன்வந்தவர்களின் படை, யாரையும் கட்டாயப்படுத்திச் சேர்ப்பதில்லை. அதன் பயிற்சி மையம் நமக்குப் பக்கத்தில் பெங்களூரிலேயே இருக்கிறது, குதிக்கக் கற்க மட்டும் ஆக்ரா போக வேண்டும்.

பேத்தி கேட்பது வேறு. பத்தாயிரம் அடிக்கும் மேலே போய், பாராசூட் திறக்காமல் விழுந்து, குறித்த உயரத்தில் தானே திறப்பது. அதற்குள்ளும் இரண்டு உண்டு. டேன்டம் என்றால் ஓர் உஸ்தாத்தின் நெஞ்சோடு உன்னைக் கட்டிக்கொண்டு போவார்கள். அதில் நீ பயணி. ஆசைக்கு ஒரு முறை போய் வா, தப்பில்லை, ஆனால் கற்றுக்கொண்டதாக நினைத்துக்கொள்ளாதே. கற்பது என்பது தனியாக உன் முதுகில் பாராசூட்டை மாட்டி, இரண்டு பக்கமும் இரண்டு உஸ்தாத்கள் பிடித்தபடி கூடவே விழுந்து, படிப்படியாகக் கையை விடுவது. ஹரியானாவில் நார்னவுல் பக்கம் பொதுமக்கள் குதிக்கும் தளம் இருக்கிறது, தாய்லாந்துக்கும் ஸ்பெயினுக்கும் போய்க் கற்றுவருகிறவர்களும் உண்டு. வான் விளையாட்டுகளுக்கென்று மத்திய அரசு 2022இல் தேசியக் கொள்கை வெளியிட்டது. எங்கே போனாலும் பணம் கட்டுவதற்கு முன்னால் உஸ்தாத்தின் உரிமத்தைக் காட்டச் சொல், ஆபத்துக்கென்று வைத்திருக்கும் ரிசர்வ் பாராசூட் எந்தத் தேதியில் மடிக்கப்பட்டது என்ற அட்டையைக் காட்டச் சொல். நல்ல இடத்தில் இதைக் கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள்.

2. வானத்தில் உன் கையிலிருக்கும் ஒரே காசு உயரம்தான். நான் எழுதும் மற்றதெல்லாம் இதற்குள் அடக்கம். விமானத்தை விட்டு வெளியே வந்ததும் முதல் ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய பத்து வினாடி ஆகும். பிறகு வேகம் பிடித்துவிடும். வயிறு கீழே பார்க்க, உடம்பை வில் மாதிரி வளைத்து விழுகிறவனுக்கு மணிக்கு 190 கிலோமீட்டர் வேகம், ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஐந்தரை வினாடி. 3,000 அடியில் இருக்கிறாய், பாராசூட் இன்னும் திறக்கவில்லை என்றால் தரைக்கு இருப்பது பதினாறு, பதினேழு வினாடி. ஒரு ஷூ லேஸை நிதானமாகக் கட்டி முடிக்கிற நேரம். அதற்குள் கோளாறு என்ன என்று பார்க்க வேண்டும், முடிவெடுக்க வேண்டும், மெயினை, அதாவது முதல் பாராசூட்டை, கழற்றிவிட வேண்டும், ரிசர்வைத் திறக்க வேண்டும், அது விரிய வேண்டும். அதனால்தான் கற்கிறவர்களை ஐயாயிரத்துச் சொச்சம் அடியிலேயே திறக்கச் சொல்கிறோம். இன்னும் கொஞ்சம் விழலாமே என்று ஆசையாகத்தான் இருக்கும். செலவழித்த உயரத்தை யாரும் கடனாகத் திருப்பித் தர மாட்டார்கள்.

3. மீட்டரைத் தரையில் பூஜ்யத்துக்குக் கொண்டுவராமல் விமானம் ஏறாதே. கையில் கட்டும் ஆல்டிமீட்டர் காற்றழுத்தத்தை வைத்துத்தான் உயரம் சொல்கிறது. எந்தத் தரையைப் பூஜ்யம் என்று சொல்லிக் கொடுக்கிறாயோ அங்கிருந்துதான் எண்ணும்.

நம் ஊரை வைத்தே கணக்குப் போட்டுப் பார். மேட்டூர் அணை நிரம்பி 120 அடி காட்டும்போது, நாகமரையில் நாம் பரிசல் ஏறுகிற தண்ணீர் கடல் மட்டத்திலிருந்து 790 அடி மேலே இருக்கிறது. ஒருவன் சென்னைக் கடற்கரையில் பூஜ்யம் வைத்த மீட்டரோடு வந்து இந்தத் தண்ணீருக்கு மேலே குதித்தால், மீட்டர் 1,500 என்று காட்டும்போது அவன் உண்மையில் 710 அடியில் இருப்பான். இதைவிட மோசம் ஒன்று உண்டு. நினைவு தப்பினாலும் ரிசர்வைக் கட்டிய நூலை அறுத்துத் திறந்துவிடுகிற சிறிய கருவி முதுகுப் பைக்குள் இருக்கும். பாராசூட் திறக்காமல் வேகமாக விழுகிறான் என்று கண்டால் 750 அடியில் அது வேலை செய்யும். கடல் மட்டத்தில் கணக்கு வைத்த கருவிக்கு அந்த 750 அடி, நாகமரைத் தண்ணீருக்கு 40 அடி அடியில் கிடக்கிறது. கருவி விழித்துக்கொள்வதற்கு முன்பே ஆள் போய்விடுவான். அதனால் விமானம் ஏறுகிற அதே மைதானத்தில் நின்று அதை ஆன் செய். வண்டியில் வெளியூர் போய்த் திரும்பினால் ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்.

அந்தக் கருவியைச் செய்தவர் ஜெர்மனியின் ஹெல்முட் க்ளோத். 1986இல் தன் நண்பர் குதித்து இறந்த பிறகு இதற்காகவே உட்கார்ந்து 1991இல் வெளியே கொண்டுவந்தார். ஒரு நண்பனைப் பறிகொடுத்தவர் செய்த பொருள் என்ற மரியாதையோடுதான் நான் அதைத் தொடுவேன்.

4. மடிப்பது பாதிக் குதிப்பு. உன் மெயினை உன் கையாலேயே மடிக்கக் கற்றுக்கொள். சுத்தமான தரையில் துணியை நீட்டிப் போடு. முதலில் கயிறுகள். முதுகுப் பையிலிருந்து துணி வரைக்கும் ஒவ்வொன்றாக விரல்களுக்கு நடுவே ஓடவிட்டு, பின்னல் விழாமல் நேராக வருகிறதா என்று பார். அடுத்து ஸ்லைடர். நான்கு மூலையிலும் வளையம் வைத்த சதுரத் துணி அது, வளையங்களுக்குள்ளே கயிறுகள் போகும். பாராசூட் ஒரேயடியாகப் படாரென்று விரியாதபடி அதுதான் கயிறுகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. அதை மேலே தள்ளி, துணியின் அடி விளிம்பிலுள்ள தடுப்புகளில் நான்கு வளையமும் போய் முட்டுகிற வரை கொண்டுபோக வேண்டும்.

நான் அதைச் செய்யாத ஒரு நாள் இருக்கிறது. சாயங்காலம், அன்றைக்குக் கடைசி ஏற்றம், வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் மடித்துக்கொண்டிருந்தவனோடு பேசிக்கொண்டே மடித்தேன். ஸ்லைடர் ஒரு சாண் கீழே இருந்திருக்க வேண்டும். மேலே திறந்தபோது கயிறு கட்டி மரத்தில் அடித்ததுபோல உடம்பு நின்றது. இரண்டு கயிறு அறுந்திருந்தது. மூன்று வாரம் கழுத்தில் பட்டை போட்டிருந்தேன், மழைக்காலத்தில் இன்றைக்கும் அந்த இடம் வலிக்கிறது. தப்பு முழுக்க என்னுடையது. மடிக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் கையை எடுத்துவிடு, பேசி முடி, பிறகு முதலிலிருந்து தொடங்கு.

பையை மூடி நிறுத்துவது ஒரு சின்ன நூல் வளையம். சுண்டு விரல் நீளம்கூட இருக்காது. அதில் ஒரு இழை பிய்ந்து மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் அன்றே மாற்று.

ரிசர்வை மட்டும் நீ தொடக் கூடாது. அது உரிமம் பெற்ற ரிக்கரின் வேலை. 180 நாளுக்கு ஒரு முறை பிரித்து, ஆராய்ந்து, மறுபடி மடித்துச் சிவப்பு நூலால் கட்டி முத்திரை வைப்பார். குதிப்பு நாளில் அந்தச் சிவப்பு நூலைக் கண்ணால் பார்.

5. துணிக்கு எதிரி நம் வெயில். நைலானை வெயில் தின்றுவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. சித்திரை மாதத்தில் காரின் பின் சீட்டில் போட்டு வைக்காதே. டிராக்டர் பேட்டரி இருக்கிற கொட்டகையில் வைக்காதே, ஆசிட் ஒரு சொட்டுப் போதும். நனைந்தால் நிழலில் காயப்போடு.

6. பெரிய துணியோடு தொடங்கு. இங்கேதான் இளையவர்கள் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள். சிறிய பாராசூட் வேகமாகப் பறக்கும், சட்டென்று திரும்பும், பார்க்க அழகு. உன் எடையும் நீ சுமக்கும் எல்லாமும் சேர்த்து 180 பவுண்டு, அதாவது 82 கிலோ என்றால், 180 சதுர அடிக்குக் குறைந்த துணியைக் கற்கும் காலத்தில் தொடாதே. 220, 230 என்றால் இன்னும் நல்லது. பழைய சாமான் மலிவாக வருகிறதென்று எவனோ கழித்துவிட்ட 135ஐ வாங்கி வந்து என்னிடம் காட்டாதே.

முன்காலத்தில் பாராசூட் திறக்காமல் செத்தார்கள். இன்றைக்குக் கருவி எவ்வளவோ மேம்பட்டுவிட்டது. பில் பூத் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த மூன்று வளையப் பூட்டைக் கையில் எடுத்துப் பார். பெரிய வளையத்துக்குள் நடு வளையம், அதற்குள் சின்ன வளையம், கடைசியில் ஒரு நூல். ஒவ்வொரு வளையமும் நெம்புகோல் மாதிரி பாரத்தைக் குறைத்துக் குறைத்துத் தருவதால், ஓர் ஆளின் முழுப் பாரத்தையும் அந்த நூல் தாங்குகிறது. பிடியை இழுத்து நூலை விட்டால் மெயின் பிரிந்து போய்விடும். இவ்வளவும் வந்த பிறகு எங்கே சாகிறார்கள் என்றால், நன்றாகத் திறந்த பாராசூட்டின் கீழே, தரைக்கு நூறு அடி இருக்கும்போது கூர்மையாகத் திருப்பி வேகமாக மோதிச் சாகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

7. கைக்குப் பாடம் சொல்லிக்கொடு. கோளாறு வந்த நேரத்தில் மூளை கொஞ்சம் நின்றுவிடும், கைதான் காப்பாற்றும். வலப்பக்கப் பிடியைக் கண்ணால் பார், பிடி, உரித்து இழு. மெயின் போனது. இடப்பக்கப் பிடியைப் பார், பிடி, இழு. ரிசர்வ் வந்தது. மாட்டுக்கொட்டகையில் ஒரு விட்டத்தில் பட்டையைக் கட்டித் தொங்கி, ஒரு நாளைக்கு ஐம்பது முறை செய். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கை சரியான இடத்துக்குப் போக வேண்டும். கற்கிறவர்களுக்கு முடிவெடுக்கிற உயரம் 2,500 அடி. கயிறு முறுக்கிக்கொண்டதா, உதைத்துப் பிரிக்கப் பார்க்கலாம், ஆனால் 2,500 வந்துவிட்டால் வேலையை விட்டுவிட்டுக் கழற்று. இன்னும் ஒரு உதை உதைத்தால் பிரிந்துவிடும் என்று தோன்றும். அந்த எண்ணத்தோடு தரை வரைக்கும் போனவர்கள் இருக்கிறார்கள்.

8. விழக் கற்றுக்கொள். இரண்டு காலும் ஒட்டி, முழங்கால் லேசாக மடிந்து, முதலில் பாதம், பிறகு கெண்டைக்கால், தொடை, இடுப்பு, முதுகின் பக்கவாட்டு. இந்த ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையைத் தொட்டு உருள வேண்டும். நம் வீட்டுத் திண்ணை உயரம் போதும், கீழே வைக்கோல் பரப்பிக்கொள். நின்றபடி இறங்கிக் காட்டுகிற பெருமை எல்லாருக்கும் வரும். அதற்கு முழங்கால்தான் விலை.

9. குதிக்காமல் திரும்பி வரப் பழகு. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம்மவர்கள் சொன்னது. கற்கிறவர்களுக்குக் காற்று மணிக்கு 22 கிலோமீட்டரைத் தாண்டினால் மேலே அனுப்பக் கூடாது. மைதானத்தில் கட்டிவைத்த காற்றுப்பை நேராக நீட்டிக்கொண்டு நின்றால் போய் டீ குடி.

நான் கற்றுக்கொண்டிருந்த நாளில் எங்களுக்கு ஓர் உஸ்தாத் இருந்தார். ஒரு நாள் காலை எங்களை ஏற்றிக்கொண்டு மேலே போய், கதவு திறந்து, எழுந்து நின்று, கம்பியில் மாட்டி, பச்சை விளக்குக்குக் காத்திருந்தோம். அவர் குனிந்து கீழே புழுதி ஓடுகிற திசையைப் பார்த்தார். கையை ஆட்டி உட்காரச் சொன்னார். விமானம் ஒரு சுற்றுச் சுற்றியது. மறுபடி எழுந்தோம், மறுபடி உட்காரச் சொன்னார். மூன்றாவது தடவையும் அப்படியே. எல்லாரும் விமானத்திலேயே கீழே இறங்கினோம். எனக்கு அவமானமாக இருந்தது, அழுகை வந்தது என்றுகூடச் சொல்வேன். அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. நேராகப் போய்ப் பாராசூட்களை எண்ணி ஒப்படைத்துக்கொண்டிருந்தார். பிறகு நான் உஸ்தாத் ஆகி, என் பின்னால் பையன்கள் வரிசையாக நிற்க, கதவில் குனிந்து புழுதியைப் பார்த்த ஒவ்வொரு முறையும் அந்த முகம்தான் நினைவுக்கு வந்தது.

10. தண்ணீரில் இறங்க நேர்ந்தால், தண்ணீர் உயரத்தை மறைக்கும் என்பதை மறக்காதே. நாகமரை அணைத்தண்ணீர் காற்றில்லாத மதியத்தில் கண்ணாடி மாதிரி கிடக்குமே, மேலிருந்து பார்த்தால் அது பத்து அடியா நூறு அடியா என்று கண்ணுக்குப் பிடிபடாது. இதோ வந்துவிட்டது என்று முன்கூட்டியே பட்டையைக் கழற்றி உயரத்திலிருந்து விழுந்து செத்தவர்கள் உண்டு. நெஞ்சுப் பட்டையை முன்பே தளர்த்திக்கொள், கால் நனைந்த பிறகுதான் கழன்று வெளியே வா. துணி தலைமேல் விழுந்தால் ஒரு தையலைப் பிடித்து, அதே திசையில் கையை மாற்றி மாற்றிப் போய்க்கொண்டிரு, ஓரம் வரும். நீச்சல் தெரியாதவன் முதலில் அதைக் கற்றுக்கொண்டு வரட்டும். நம் ஊரில் ஆற்றைக் கடக்கவே அது வேண்டும்.

11. உனக்கு முன்னால் குதித்தவர்களைத் தெரிந்துகொள். 1941இல் இந்தியாவில் பாராசூட் படை தொடங்கியபோது முதலில் குதித்த இந்தியர்களில் ஒருவர் ஏ.ஜி. ரங்கராஜ், நம் தமிழர், 152ஆவது பாராசூட் பட்டாலியனின் மருத்துவர். பிறகு 60ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸை அழைத்துக்கொண்டு கொரியா போனார். பியோங்யாங்கிலிருந்து எல்லாரும் பின்வாங்கியபோது அவர்களுக்கு வண்டி கிடைக்கவில்லை. மருத்துவச் சாமான்களை விட்டுவிட்டு வர மனமில்லாமல், கைவிடப்பட்டுக் கிடந்த ரயில் இன்ஜின் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, நெருப்பு மூட்டி, அத்தனையையும் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். 1951 மார்ச் 23 அன்று அமெரிக்கப் பாராசூட் படையோடு முன்சான்-னியில் குதித்துக் காயம்பட்டவர்களைப் பார்த்தார்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. ஓட்டப் பந்தயம் ஜெயிக்கிற பையன்கள் இவர் பெயரைத் தெரியாமல் பாரா ரெஜிமென்ட் என்று சொல்வது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பேத்திக்கு ஒரு பெயர்: ரேச்சல் தாமஸ். 1979இல் ஆக்ராவில் குதித்தார். இந்தியப் பெண்களில் முதல் ஸ்கைடைவர். 2002இல் வட துருவத்தின் மேலே 7,000 அடியிலிருந்து குதித்தார். அம்மாவிடம் பேசும்போது இவரைப் பற்றித்தான் முதலில் சொல்லப் போகிறேன்.

12. உன் முதுகை நீ பார்க்க முடியாது. அதனால் விமானம் ஏறும் முன்னும் குதிக்கும் முன்னும் அடுத்தவன் உன் பையை மூடி நிறுத்தும் ஊசி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பான், நீ அவனுடையதைப் பார்ப்பாய். ஆயிரம் குதிப்பு குதித்தவனாக இருந்தாலும் திரும்பி முதுகைக் காட்டுவான். ஏதோ சரியில்லை என்று கண்ணில் பட்டால் வாயைத் திற. அவர் பெரியவர், எப்படிச் சொல்வது என்ற கூச்சம் இந்தத் தொழிலில் வேண்டாம். ஹெல்மெட்டில் கேமரா மாட்டுவது 200 குதிப்புக்குப் பிறகு. அதற்கு முன்னால் மாட்டினால் உன் கவனம் உயரத்தில் இருக்காது, படத்தில் இருக்கும்.

முதல் குதிப்பு முடித்தவன் எல்லாருக்கும் வாங்கித் தருவது வழக்கம். வெளிநாட்டில் பீர் வாங்குகிறார்கள். எங்கள் கூட்டத்தில் ஆக்ரா பேட்டா பெட்டி பிரிபடும். அந்த வெள்ளைப் பூசணி மிட்டாயை இன்று வாயில் வைத்தாலும் மைதானத்துப் புழுதி வாசம் வருகிறது.

2025 பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் ஆக்ராவில் நாங்கள் குதிக்கும் மால்புரா மைதானத்தில் விமானப்படைப் பயிற்றுநர்கள் இருவர் இறந்தார்கள். இரண்டு பேரும் கற்றுக்கொடுக்கிறவர்கள், நான் நின்ற அதே மண்ணில் நின்றவர்கள். செய்தி வந்த அன்று நான் சாப்பிடவில்லை. இதையும் உன் அம்மாவிடம் மறைக்காமல் சொல்வேன், கண்ணு. எல்லாம் தெரிந்த பிறகு அவள் சரி என்று சொன்னால்தான் அது சரி.

13. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு எல்லாரும் வீட்டுக்கு வாருங்கள். என்னிடம் பறக்கத் தகுதி முடிந்த பழைய பாராசூட் ஒன்று பெட்டியில் இருக்கிறது. களத்துமேட்டைக் கூட்டித் தார்ப்பாய் விரித்து வைக்கிறேன். மோதிரம், வளையல், கடிகாரம் எல்லாம் கழற்றிவிட்டு வாருங்கள், துணியில் மாட்டும். செல்போனைத் திண்ணையிலேயே வைத்துவிடலாம். முதல் நாள் கயிறு பார்ப்பதோடு சரி.